டியு சர்வர்: ராத்திரியும் முழு வாட், செக்யூர் பூட் போட்டால் கார்டைக் காணோம்

கேள்வி:
தனியார் 5ஜி டெஸ்ட் பெட், அதில் டியு (ரேடியோ சிக்னலைக் கையாளும் பேஸ் ஸ்டேஷன் பகுதி) ஓடும் சர்வர். என்78, 100 மெகாஹெர்ட்ஸ், 30 கிலோஹெர்ட்ஸ் எஸ்சிஎஸ் (சப்கேரியர் இடைவெளி), ஸ்பிளிட் 7.2 (ரேடியோ பெட்டிக்கும் டியுவுக்கும் இடையிலான வேலைப் பிரிப்பு). ஐஸ் லேக் ஜியான் (இன்டெல் சர்வர் சிபியு), எல்டிபிசிக்கு (பிழைதிருத்தக் குறியீடு) ஏசிசி100 கார்டு, ரியல்டைம் லினக்ஸ். ஒரு போன்கூட இணையாத ராத்திரியிலும் சர்வர் இழுக்கும் வாட், பகல் உச்சத்துக்குச் சற்றுத்தான் கீழே. செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் செய்யவிடும் அமைப்பு) ஆன் செய்தால் கார்டின் டிரைவர் லோட் ஆவதில்லை. என்இஏ2 குறியாக்கத்தையும் ஆன் செய்தால் டியுவுக்கு இன்னும் சிபியு கோர் தேவைப்படுமா?

பதில் 1:
கர்னல் கட்டளை வரியில் 'ஐடில்=போல்' இருக்கிறதா பாருங்கள். டியூனிங் குறிப்புகளிலிருந்து அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இருந்தால், வேலையில்லாத கோரும் தூங்காமல் சுற்றும். ரேடியோவுடன் பேசும் டிபிடிகே (பாக்கெட் வந்ததா என்று இடைவிடாமல் பார்க்கும் லைப்ரரி) ஃப்ரன்ட்ஹால் த்ரெட் எப்படியும் 100% காட்டும், அதை விடுங்கள். மிச்சம் பிடிக்க முடிவது மீதிக் கோர்களில்தான்.

அதற்காக எல்லாவற்றுக்கும் சி6 (கோரின் ஆழ்ந்த தூக்க நிலை) திறந்துவிடாதீர்கள். ஐஸ் லேக் சி6இலிருந்து விழிக்க, கர்னல் அட்டவணைப்படி 170 மைக்ரோசெகண்ட். உங்கள் ஸ்லாட்டே (ஒரு ரேடியோ நேரத்துண்டு) 500. அப்லிங்க் டீகோட் நேரத்துக்கு முடியாமல் ஹார்க் மறுபரிமாற்றம் ஏறும். சி1 (இலேசான தூக்கம்) என்றால் 1தான். பிசிக்கல் லேயர் கோர்களுக்கு மட்டும், அந்தந்த கோரின் பவர் ஃபோல்டரில் உள்ள ரெஸ்யூம் லேட்டன்சி ஃபைலில் 10 எழுதுங்கள், சி6 அடைபடும். 0 போட்டுவிடாதீர்கள்! அங்கே 0 என்றால் 'கட்டுப்பாடே இல்லை' என்று பொருள். பலர் கவிழ்வது இதில்தான். பிறகு டர்போஸ்டாட்டில் பேக்கேஜ் வாட் பாருங்கள், சைக்ளிக்டெஸ்ட்டை (விழிப்புத் தாமதத்தை அளக்கும் டூல்) ஒரு மணி நேரமாவது ஓடவிடுங்கள்.

பதில் 2:
கார்டில் பழுதில்லை. செக்யூர் பூட்டில் பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் கர்னல் லாக்டவுன் வந்துவிடும், கையொப்பமில்லாத ஐஜிபி-யுஐஓ (டிபிடிகேக்கான டிரைவர்) மாட்யூலை ஏற்காது. கர்னலோடு கையொப்பமிட்டே வரும் விஎஃப்ஐஓ-பிசிஐக்கு மாறுங்கள். பயாஸில் விடி-டி, கர்னல் வரியில் ஐஓஎம்எம்யு (சாதனம் தொடும் மெமரியைக் கட்டுப்படுத்தும் வசதி) ஆன். எஸ்ஆர்-ஐஓவி (ஒரு கார்டைப் பல மெய்நிகர் கார்டுகளாகப் பிரிக்கும் வசதி) அனுமதியோடு மாட்யூலை லோட் செய்து பிஎஃப்பை (முதன்மைக் கார்டு) அதில் பைண்ட் செய்யுங்கள். பிஎஃப் கான்ஃபிக் டூலை ஒரு யுயுஐடி டோக்கனோடு ஓட்டியபின்தான் விஎஃப் (மெய்நிகர் கார்டு) உருவாக்க வேண்டும். அதே டோக்கனை டியுவின் ஈஏஎல் (டிபிடிகே தொடக்க) ஆப்ஷனிலும் கொடுங்கள். அந்த டூல் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் கார்டு கைவிட்டுப் போகும்.

டிஸ்க் சாவியை டிபிஎம்மில் (சாவி காக்கும் சிப்) பிசிஆர் 7 (செக்யூர் பூட் நிலையைக் காட்டும் பதிவேடு) உடன் கட்டியிருக்கிறீர்களா? செக்யூர் பூட் நிலை மாறியதும் டிஸ்க் தானாகத் திறக்காது. மீட்புச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மாற்றுங்கள், பூட் ஆனதும் மறுபடி பதியுங்கள். சர்வர் தொலைவில் இருந்தால் இதை முதலிலேயே யோசியுங்கள்.

பதில் 3:
என்இஏ2 பற்றி: குறியாக்கம் பிடிசிபி என்ற 5ஜி அடுக்கில் நடக்கிறது, பிடிசிபி இருப்பது சியுவில் (டியுவுக்கு மேலே உள்ள பேஸ் ஸ்டேஷன் பகுதி). டியு அந்த பாக்கெட்டை அப்படியே கடத்தும், கோர் கூட்ட வேண்டாம். என்இஏ2 என்பது ஏஇஎஸ் கவுன்டர் மோட், ஜியானின் ஏஇஎஸ் இன்ஸ்ட்ரக்ஷனே சுமையைத் தாங்கும்.

டியுவில் கோரைத் தின்னக்கூடியது எஃப்1 (சியு-டியு இணைப்பு) மேல் போடும் ஐபிசெக் (ஐபி பாக்கெட்டைக் குறியாக்கும் முறை). சியு வேறு கட்டடத்தில் இருந்தால் அது வேண்டும், ஒரே பெட்டிக்குள் என்றால் வேண்டியதில்லை. போடுவதானால் ஏஇஎஸ்-ஜிசிஎம் எடுங்கள். எம்டியுவையும் (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) கவனியுங்கள்: 1500 பைட் பாக்கெட் மேல் ஜிடிபி-யு (போன் தரவைச் சுமக்கும் உறை), யுடிபி, ஐபி தலைப்புகள் சேர்ந்து 36 பைட்டுக்குக் குறையாது, இஎஸ்பி (ஐபிசெக் உறை) தன் பங்குக்கு இன்னும் கூட்டும். இடையில் ஒரு சுவிட்ச் 1500இல் நின்றாலும் பாக்கெட் துண்டாகியோ கைவிடப்பட்டோ வேகம் படுத்துவிடும். பிங் பாஸாகும், பெரிய டவுன்லோட் மட்டும் இழுக்கும். வழி முழுக்க 9000 வைத்துவிடுங்கள்.