'போய்' வந்துவிட்டால் தொடர்வாக்கியமா?

ஈசூன் அம்மா:
போன வாரம் இங்கே ஒருவர் "வினையெச்சம் ('போய்', 'வந்து' போல முடியாமல் நிற்கும் வினை) வந்தாலே தொடர்வாக்கியம், பிள்ளைகளுக்கு இந்த ஒரு வரி போதும்" என்று எழுதி, ஒரு பயிற்சித்தாளும் போட்டிருந்தார். அதை நம்பி, தொடக்கநிலை 5 படிக்கும் என் மகன் "கமலா கடைக்குப் போய் ரொட்டி வாங்கினாள்" என்பதைத் தொடர்வாக்கியம் என்று எழுதிவிட்டான். சிவப்பு மையில் பெரிய தப்புக்குறி. பக்கத்தில் 'தனிவாக்கியம்'. அவன் அழாத குறைதான்.

பழைய வாத்தியார்:
அந்த "ஒருவர்" நான்தான் மேடம், பெயர் சொல்லியே திட்டலாம். போனது ஒரு வேலை, வாங்கியது ஒரு வேலை. ஒரு எழுவாய், இரண்டு வினை. தொடர்வாக்கியம்தான். 26 வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தேக்கா தம்பி:
வாய் திறந்தால் விடுவீர்களா சார்! "கமலா கடைக்குப் போய்" என்று சொல்லி நிறுத்திப் பாருங்கள், எதிரில் இருப்பவர் "போய்?" என்பார். 'போய்' முற்று இல்லை, அதாவது வாக்கியத்தை முடிக்கும் வினை இல்லை. முற்று 'வாங்கினாள்' மட்டும்தான், ஆகவே தனிவாக்கியம். தொடர்வாக்கியம் வேண்டுமென்றால் "கமலா கடைக்குப் போனாள்; ரொட்டி வாங்கினாள்" என்று எழுதச் சொல்லுங்கள்.

பழைய வாத்தியார்:
"மழை பெய்து நெல் விளைந்தது." பெய்தது மழை, விளைந்தது நெல். இங்கேயும் முற்று ஒன்றுதான், இதுவும் தனிவாக்கியமா தம்பி? பதில் வரட்டும்.

தேக்கா தம்பி:
அங்கே எழுவாய் இரண்டு. கமலா ஒருத்திதானே? நான் கேட்பது 'போய்'.

பழைய வாத்தியார்:
நெல் கேள்விக்குப் பதில் வரவில்லை. குறித்துக்கொள்கிறேன்.

பீஷான் வாசி:
சிங்கப்பூரில் நெல் எங்கே அண்ணே விளைகிறது? "மழை பெய்து ஆட்டம் நின்றது" என்றால் பிள்ளைக்கு உடனே புரியும். என் ஆசிரியர் வாக்கியத்தின் பெயரெல்லாம் கேட்கமாட்டார், மூன்று சின்ன வாக்கியம் கொடுத்து "ஒன்றாக்கு" என்பார், அப்புறம் "திரும்பப் பிரி" என்பார், அவ்வளவுதான். 2005லேயே இங்கே தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத்தமிழை வகுப்புக்குள் கொண்டுவரச் சொல்லிவிட்டது, நீங்கள் இன்னும் வாக்கியத்துக்குப் பெயர் சூட்டு விழா நடத்துகிறீர்கள்.

பழைய வாத்தியார்:
பேச்சுத்தமிழை இங்கே இழுக்காதீர்கள். இப்படி இழுத்து இழுத்துத்தான் பிள்ளைகள் கட்டுரையில் "போயிட்டு வாங்குனா" என்று எழுதுகிறார்கள். பெயர் தெரியாமல் பிரிப்பது எப்படி, சேர்ப்பது எப்படி?

ஈசூன் அம்மா:
சார், உங்கள் தாளில் "கடைக்கு போய்" என்றுதான் இருக்கிறது. 'கு' உருபுக்குப் பின்னால் வல்லினம் மிகும், 'ப்' எங்கே என்று மகன் கேட்கிறான்.

பழைய வாத்தியார்:
கைப்பேசியில் தட்டியது. 'ப்' பேச வந்த இடமா இது?

தேக்கா தம்பி:
'ப்' போனாலும் 'போய்' முற்று ஆகாது சார்.

ஈசூன் அம்மா:
நாளைக்குத் திருத்தம் எழுதிக் கொடுக்க வேண்டும். என்ன எழுதுவது?

தேக்கா தம்பி:
தனிவாக்கியம்.

பழைய வாத்தியார்:
தொடர்வாக்கியம். தம்பி, நெல் என்ன ஆச்சு?