மினசோட்டா டவுன் பால்: போன வாரம் எதிர்ல ஆடுன பிட்சர் இந்த வாரம் எப்படி நம்ம டீம்ல?

கேள்வி:
வணக்கம், ஷகோபி பக்கம் வந்து ஒரு வருஷம் ஆச்சு. ஆபீஸ்ல ஒருத்தர் அவங்க ஊர் டீமோட பேஸ்பால் ஆட்டத்துக்கு (ஊர்க்காரங்களே அமெச்சூரா ஆடுறது, டவுன் பால்னு சொல்றாங்க) கூப்பிட்டார்னு போக ஆரம்பிச்சேன், இப்ப வாரா வாரம் பையனோட போயிடறேன். ஃபவுல் பால் (கோட்டுக்கு வெளிய அடிபட்ட பந்து) மைதானத்தை விட்டு போனா பசங்க ஓடிப்போய் பொறுக்கிட்டு வந்து கவுண்டர்ல குடுத்து மிட்டாய் வாங்கிக்கிறாங்க, என் பையன் அதுக்குன்னே வரான். என் சந்தேகம் என்னன்னா, ரீஜன் பிளேஆஃப்ல (ஸ்டேட்டுக்கு யார் போறதுன்னு வட்டார டீம்கள் மோதுற சுற்று) எங்களுக்கு எதிரா பந்து போட்ட பிட்சர், ஸ்டேட் டோர்னமென்ட்ல எங்க டீமுக்கு வந்து போடறான். நம்மூர் டென்னிஸ் பால் மேட்ச்ல வெளி ஆளை இறக்குனா அடிதடியே ஆயிடும், இங்க எல்லாரும் கை தட்டுறாங்க. இது எப்படி?

பதில் 1:
அதுக்கு பேரு டிராஃப்ட், ரூல்லயே இருக்கு. லீக்ல ஆடி, ரீஜன்ல ஜெயிச்சுதான் ஸ்டேட்டுக்கு போகணும். கிளாஸ் சி-ல, அதாவது பெரும்பாலும் சின்ன ஊர் டீம்கள் ஆடுற பிரிவுல, 16 ரீஜன், ஒவ்வொண்ணுல இருந்தும் 3 டீம், ஆக 48. ரீஜன்ல தோத்து வெளிய போன டீம்ல இருந்து சில பேரை ஜெயிச்ச டீம் எடுத்துக்கலாம், பெரும்பாலும் பிட்சரைத்தான் எடுப்பாங்க. ஏன்னா 9 இன்னிங்ஸ், அதாவது முழு ஆட்டமும் போட்ட கைக்கு நாலஞ்சு நாள் ஓய்வு வேணும், வேலைக்கு போயிட்டு வந்து ஆடுறவங்க டீம்ல நல்ல பிட்சர் ஒண்ணு ரெண்டு பேர்தான் இருப்பாங்க. மத்தபடி வெளி ஆள் இஷ்டத்துக்கு வர முடியாது, கிளாஸ் சி-ல மைதானத்துல இருந்து 30 மைலுக்குள்ள குடியிருக்கணும்.

பதில் 2:
ரூல் இருக்கட்டும், எனக்கு பிடிச்சது வேற. நேத்து வரைக்கும் எதிரி, இன்னைக்கு நம்ம ரீஜன் மானம் அவன் கையில, அதான் கை தட்டுறாங்க. முதல் ஸ்டேட் டோர்னமென்ட் 1924ல நடந்தது. 1950ல இந்த மாநிலத்துல 799 டீம் இருந்திருக்கு, அப்புறம் டிவி வந்துச்சு, மேஜர் லீக் (தொழில்முறை பேஸ்பாலோட உச்ச லீக்) டீமே இங்க வந்துச்சு, நிறைய ஊர்ல டீம் கலைஞ்சு போச்சு. இப்பவும் முந்நூறு டீம் பக்கம் ஆடுறாங்கன்னா அது அந்தந்த ஊர்க்காரங்க விடாம பிடிச்சு வச்சிருக்கறதாலதான்.

பதில் 3:
ஸ்டேட் டோர்னமென்ட்டை ஹோஸ்ட் பண்றதும் அப்படித்தாங்க, நம்மூர் திருவிழா மாதிரி. 2022ல டண்டாஸ், ஃபேரிபோல்ட், மீஸ்வில் மூணு ஊரும் சேர்ந்து நடத்துனாங்க, அதுல மீஸ்வில் மொத்த ஜனத்தொகையே 150 தாண்டாது! நான் ஒரு வருஷம் பக்கத்து ஊர்ல வாலண்டியரா நின்னேன், காலைல கோடு போடற ஆள்தான் மத்தியானம் ஹாட்டாக் விக்கிறார், மழை தூறுனதும் டிக்கெட் குடுத்துட்டிருந்த பாட்டிம்மா வரைக்கும் ஓடி வந்து மைதானத்தை மூடற தார்ப்பாயை இழுத்தாங்க, நானும் ஒரு முனையை பிடிச்சேன். இருபது பேர் இழுத்தும் அது அசையவே கஷ்டம், அவ்வளவு கனம்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி, இப்பதான் புரியுது. லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள்) வரைக்கும் ஆட்டம் இருக்குல்ல, வாலண்டியருக்கு யார்கிட்ட பேர் குடுக்கணும்?

பதில் 3:
ஆமா, அந்த வாரக்கடைசிதான் ஃபைனல். நேரா சாப்பாட்டு கவுண்டர்ல போய் கேளுங்க, உடனே ஏப்ரன் குடுத்துடுவாங்க. பையனையும் கூட்டிட்டு போங்க.