நெயில், ஸ்னெயில்: நடுவில் இருந்த 'க' எங்கே போச்சு?

கேள்வி: நைட் டியூட்டி

வணக்கம். நான் நர்ஸ். ஜெர்மனிக்கு வேலைக்குப் போகணும்னு மதுரையில ஜெர்மன் படிச்சிட்டிருக்கேன். டியூட்டி முடிஞ்சு பஸ்ல வரும்போதுதான் சொற்பட்டியலைப் புரட்டுவேன். நேத்து ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. நகத்துக்கும் ஆணிக்கும் ஆங்கிலத்துல நெயில், ஜெர்மன்ல நாகல். ஆலங்கட்டி மழைக்கு ஹெயில், ஹாகல். கப்பல் பாய்க்கு செயில், ஸேகல். மழைக்கு ரெயின், ரேகன். ஜெர்மன்ல இருக்குற 'க' ஆங்கிலத்துல மட்டும் காணோம். எங்கே போச்சு? நத்தைக்கு, அதான் ஸ்னெயிலுக்கு மட்டும் 'ஷ்னெகல்'னு வராம ஏன் 'ஷ்னெக்க'ன்னு வருது?

பதில்: பழைய வாத்தியார்

நல்லா கவனிச்சிருக்கம்மா. 32 வருஷம் ஆங்கிலம் நடத்தியவன் நான். ஓய்வுக்குப் பிறகு பழைய ஆங்கிலத்தை நானே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆயிரம் வருஷத்துக்கு முன் நெயிலை எப்படி எழுதினார்கள் தெரியுமா? முதலில் என். அடுத்து ஏயும் ஈயும் ஒட்டிப் பிறந்த 'ஏஷ்' என்ற எழுத்து. பிறகு ஜி, எல். ஸ்னெயில், ஹெயில், டெயில் மூன்றுக்கும் அதே அச்சு. ஜி ஏட்டில் இருந்ததே தவிர, 'ஏஷ்' மாதிரி முன்னுயிருக்கு, அதாவது நாக்கின் முன்பகுதியால் ஒலிக்கும் உயிருக்கு, பக்கத்தில் வந்ததால் வாயில் 'ய்' என்று இளகிவிட்டது. அந்த 'ய்' முன்னால் இருந்த உயிரோடு கலந்துதான் இன்றைய 'எயி'. ஆக, உன் 'க' தொலையவில்லை. நெயிலில் வரும் அந்த 'யி'க்குள்ளேதான் இருக்கிறது.

நாக்கின் பின்பகுதியால் ஒலிக்கும் பின்னுயிருக்குப் பக்கத்தில் நின்ற ஜி வேறு வழியில் போனது, 'வ்' ஆகிவிட்டது. பறவையைக் குறித்த ஜெர்மன் ஃபோகலையும் ஆங்கில ஃபவுலையும் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பார். வில்லுக்கு போகன், போ என்பதும் அப்படித்தான். நம் வாயிலும் 'க' நிற்பதில்லையே! அகப்பை ஆப்பையானது, மகன் மவனானான்.

ஸ்னெயிலுக்கு நேர் உறவு ஜெர்மனில் இன்னமும் உண்டு: 'ஷ்னேகல்'. ஓடில்லாத நத்தையில் ஒரு குடும்பத்துக்கு அந்தப் பெயர். பழைய ஆங்கிலத்திலும் ஓடில்லாததையும் அதே சொல்லால்தான் அழைத்தார்கள். ஓடு இருப்பதைப் பிரித்துச் சொல்ல 'வீடுடைய ஸ்னெயில்' என்று ஒரு வழக்கு. எனக்கு மிகவும் பிடித்த தொடர் இது. 'ஸ்லக்' என்ற பெயர் ஓடில்லாத பிராணிக்கு வந்ததெல்லாம் மிகப் பிந்தி. அதற்கு முன் சோம்பேறி மனிதனைத்தான் ஸ்லக் என்றார்கள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆகணும். நகத்தோரம் தோல் கிழிந்து தொங்குவதை 'ஹேங்நெயில்' என்கிறோமே, அதற்கும் 'தொங்கு'வதற்கும் ஆதியில் சம்பந்தமே இல்லை. பழைய சொல் 'ஆங்நெயில்'. 'ஆங்' என்றால் இறுக்கம், வலி. அது குறித்தது நகத்தை அல்ல, பாதத்தில் வரும் கால் ஆணியை! அங்கே 'நெயில்' என்றது இரும்பாணியை. தோல் தடித்து நடுவில் ஆணித்தலை மாதிரி வட்டமாக, கெட்டியாக நிற்கும். எனக்கு இடது பாதத்தில் சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கிறது. காலையில் முதல் அடி வைக்கும்போது கீழிருந்து ஆணி ஏறுகிற மாதிரியேதான் இருக்கும். அகராதியில் இதைப் படித்த அன்று என்னால் மேலே படிக்க முடியவில்லை. நம் ஆட்களும் அவர்களும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே வலிக்கு ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பொருள் மறந்து, தொங்கும் தோலைப் பார்த்த பிறகுதான் முன்னால் 'ஹ' ஒட்டிக்கொண்டது.

பதில்: உகிர்

ஐயா சொன்னதோடு ஒன்று. நகம் என்பது வடமொழி நகத்திலிருந்து வந்தது. அந்த வடமொழிச் சொல்லும் ஆங்கில நெயிலும் கிரேக்க 'ஓனிக்ஸ்' என்பதும் ஒரே மூலத்துப் பிள்ளைகள். நம் சொந்தச் சொல் உகிர். சங்கப் பாட்டில் புலிக்கும் பருந்துக்கும் உகிர் என்றே வரும். ஆணி என்ற பொருள் அதற்குக் கிடையாது. நகத்தையும் ஆணியையும் நாம் ஒரே சொல்லால் சொன்னதே இல்லை.

நைட் டியூட்டி

ரொம்ப நன்றி ஐயா. ஃபோகல், ஃபவுல்னு பஸ்லயே சொல்லிப் பார்த்துட்டேன், பக்கத்து சீட்டு அக்கா திரும்பிப் பார்த்தாங்க. கால் ஆணிக்கு ஜெர்மன்ல என்னன்னு மருத்துவச் சொற்பட்டியல்ல தேடினேன். அவங்களுக்கு அது ஆணி இல்லையாம் ஐயா, 'ஹ்யூனர்ஆவ்க', கோழிக்கண்ணு. சர்க்கரை இல்லேன்னா வெதுவெதுப்பான தண்ணியில கால் ஊறவைங்க. பிளேடால மட்டும் சீவிடாதீங்க, சர்க்கரை இருந்தா புண்ணாயிடும்.