ஓஎஸ்டிக்கெட்டில் மெயில் டிக்கெட்டாக மாறவில்லை – அவசரம்

கோவை_டெஸ்க்:
வணக்கம். ஓஎஸ்டிக்கெட்டில் (வரும் மெயிலை டிக்கெட்டாக, அதாவது உதவிக் கோரிக்கையாகப் பதியும் மென்பொருள்) ஓஆத்2 பிளகின் (பாஸ்வேர்டுக்குப் பதில் டோக்கன் என்ற அனுமதிச் சீட்டால் மெயில்பாக்ஸைத் திறக்கும் துணை நிரல்) இருக்கிறது, எனேபிளும் ஆகியிருக்கிறது. ஆனால் மெயில் ஒன்றுகூட டிக்கெட்டாக மாறவில்லை. நேற்று வரை ஓடியது. மேனேஜர் தலைமேல் நிற்கிறார், யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

தூத்துக்குடி_ரூட்:
எந்தப் பதிப்பு? ஜிமெயிலா, மைக்ரோசாஃப்ட் 365-ஆ? எரர் என்ன வருகிறது?

கிரான்_கந்தன்:
இது கிரான் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் வசதி) பிரச்சினைதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓஎஸ்டிக்கெட்டுக்குள்ளேயே இருக்கும் ஆட்டோ கிரானை நம்பினால், ஏஜென்ட் யாராவது லாகின் செய்து பக்கத்தைத் திறந்து வைத்திருந்தால்தான் மெயில் இறங்கும். சர்வரின் கிரான்டேபில் (கிரான் வேலைப் பட்டியல்) 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி ஒரு வரி போடுங்கள்.

மலர்_ஐடி:
ஓஆத்தே எதற்கு? ஆப் பாஸ்வேர்ட் (ஒரு செயலிக்கென்று தனியாக எடுக்கும் பாஸ்வேர்ட்) எடுத்துப் போடுங்கள். எங்கள் ஜிமெயில் அப்படித்தான் ஓடுகிறது.

மூத்த_அட்மின்:
பதிப்பு எண் இல்லை, எரர் இல்லை, "ஓடவில்லை" மட்டும் இருக்கிறது. நாங்கள் என்ன சோழி உருட்டியா பார்ப்பது? @மலர்_ஐடி, மைக்ரோசாஃப்ட் 365 என்றால் ஆப் பாஸ்வேர்ட் உதவாது. 2022 அக்டோபரிலிருந்து ஐமேப், பாப் என்ற மெயில் இறக்கும் முறைகள் இரண்டுக்கும் பேசிக் ஆத்தை (வெறும் பெயர், பாஸ்வேர்டால் நுழைவது) மூடத் தொடங்கிவிட்டார்கள். இதெல்லாம் தெரிந்துகொண்டு பதில் சொல்லலாம்.

மலர்_ஐடி:
ஜிமெயில் என்று தெளிவாகத்தானே எழுதினேன் சார்? அவரும் எது என்று சொல்லவில்லையே.

கோவை_டெஸ்க்:
மன்னிக்கவும், மீட்டிங்கில் இருந்தேன். பதிப்பு 1.18, மைக்ரோசாஃப்ட் 365. சீக்ரெட் (ஓஎஸ்டிக்கெட் தன்னை மைக்ரோசாஃப்டிடம் அடையாளம் காட்டும் ரகசியச் சாவி) காலாவதி என்று வந்தது, என்ட்ராவில் (மைக்ரோசாஃப்டின் கணக்கு நிர்வாகத் தளம்) புதிது உருவாக்கிப் போட்டேன். லாகின் பக்கம் வருகிறது, பாஸ்வேர்டையும் ஏற்கிறது, திரும்பி வரும்போது ஏஏடிஎஸ்டிஎஸ்7000215 என்ற எரர் வருகிறது.

கிரான்_கந்தன்:
ரீடைரக்ட் முகவரியையும் (லாகின் முடிந்ததும் திரும்பி வரும் முகவரி) ஒருமுறை பார்த்துவிடுங்கள். கடைசியில் /ஏபிஐ/ஆத்/ஓஆத்2 என்று இருக்க வேண்டும்.

தூத்துக்குடி_ரூட்:
ரீடைரக்ட் தவறென்றால் 50011 என்ற எரர் வரும், அதுவும் மைக்ரோசாஃப்ட் பக்கத்திலேயே நின்றுவிடும். இவர் அதைத் தாண்டித் திரும்பி வந்துவிட்டார். 7000215 என்றால் சீக்ரெட் செல்லாது என்று பொருள். என்ட்ராவில் சீக்ரெட் உருவாக்கினால் வேல்யூ, சீக்ரெட் ஐடி என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு காட்டும். பிளகினுக்கு வேண்டியது வேல்யூ. நீங்கள் போட்டது இடையில் கோடு வைத்து ஐந்து துண்டாக இருந்தால் அது ஐடி. வேல்யூவை உருவாக்கும்போது மட்டும்தான் முழுதாகக் காட்டும், அப்புறம் மறைத்துவிடும். அதனால் இன்னொன்று உருவாக்கி, வேல்யூவை உடனே காப்பி செய்யுங்கள். பிறகு அந்த மெயில் முகவரியின் ரிமோட் மெயில்பாக்ஸ் பக்கத்தில் சேமித்து, மறுபடி லாகின் செய்து டோக்கன் வாங்குங்கள்.

மூத்த_அட்மின்:
என்ட்ரா போர்ட்டலில் ஒரு சீக்ரெட்டுக்கு அதிகபட்சம் 24 மாதம்தான் கொடுப்பான். காலண்டரில் ரிமைண்டர் வைக்காதவர்கள் எல்லாம் இப்படித்தான் ஓடி வருவார்கள்.

மலர்_ஐடி:
பழைய அட்மின் வைத்துவிட்டுப் போன சீக்ரெட்டாக இருந்தால் இவர் எந்தக் காலண்டரைப் பார்ப்பார்? வந்து கேட்பவரை இப்படி விரட்டினால் இனி யார் கேட்பார்கள்?

மூத்த_அட்மின்:
விரட்டவில்லை. ஒப்படைக்கும்போது ஆவணம் எழுது என்கிறேன்.

மலர்_ஐடி:
அதை அந்தப் பழைய அட்மினிடம் போய்ச் சொல்லுங்கள்.

கோவை_டெஸ்க்:
வேல்யூ போட்டேன், டோக்கன் வந்துவிட்டது. மெயில் இறங்குகிறது. ரூட் அண்ணா, ரொம்ப நன்றி.

கிரான்_கந்தன்:
சரி, கிரான்டேப் போட்டீர்களா இல்லையா?

புதுசு_2:
எனக்கு அந்த 50011 வருகிறது. ஆபீஸ் லேனுக்குள் (உள் நெட்வொர்க்) வெறும் எச்டிடிபியில் (குறியாக்கம் இல்லாத இணைப்பு) வைத்திருக்கிறேன்.

தூத்துக்குடி_ரூட்:
லோக்கல்ஹோஸ்ட் (அதே கணினியின் முகவரி) தவிர மற்ற முகவரிக்கு எச்டிடிபிஎஸ் இல்லாமல் என்ட்ரா ஏற்காது. முதலில் எச்டிடிபிஎஸ்-க்கான சான்றிதழ் போடுங்கள். இன்னும் வந்தால் தனி இழை தொடங்குங்கள், பதிப்பு எண்ணோடு.