சமாதான நீதவான் நம் ஊருக்கும் வேண்டுமா?

கெடிலக்கரையான் (மஞ்சக்குப்பம்):
இலங்கை மட்டக்களப்பில் இருக்கும் என் உறவினர் ஒருவர், சத்தியக்கடதாசி (நம்மூர் உறுதிமொழிப் பத்திரம்) ஒன்றைப் பக்கத்துத் தெருச் சமாதான நீதவானிடம் (ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்) கொண்டுபோய் அன்று சாயங்காலமே கையெழுத்து வாங்கிவிட்டார். அந்த நீதவான் ஓய்வுபெற்ற ஆசிரியர். நியமிப்பது நீதி அமைச்சர், சம்பளம் கிடையாது. இங்கிலாந்தில் 1361-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் பதவி இது. அங்கே சட்டம் படிக்காத உள்ளூர்க்காரர்கள் சட்ட ஆலோசகர் துணையோடு உட்கார்ந்து சிறு குற்றங்களை இன்றும் விசாரிக்கிறார்கள். நம் ஊரிலும் இப்படி இரண்டு பேரை நியமித்தால் என்ன?

ஓய்வு தாசில்தார்:
தம்பி, அந்த வேலைக்கு இங்கே ஆள் இருக்கிறார்களே. உறுதிமொழிப் பத்திரத்துக்கு நோட்டரி. அடிதடி வரும் என்றால் தாசில்தாரும் கோட்டாட்சியரும் நிர்வாக நடுவர்கள் (எக்சிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்). பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107-ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 126-ஆவது பிரிவு. போலீஸ் அறிக்கை வந்ததும் விசாரித்து, ஒரு வருஷம் வரை அமைதி காக்கப் பிணைப்பத்திரம் வாங்கலாம். சுருக்குமடி வலைத் தகராறு வந்தால் மீனவர்களை உட்கார வைத்துப் பேசுவதும் வருவாய் அதிகாரிகள்தானே?

கெடிலக்கரையான்:
ஐயா, நான் சொல்வதே அந்த 107-ஐத்தான். எங்கள் தெருவில் வேலித் தகராறு. இரண்டு வீட்டுக்கும் சம்மன். கூலி வேலைக்குப் போகும் அம்மா பத்து மணிக்கே போய் வராண்டாவில் நிற்பார். மூன்று மணிக்கு, "சார் மீட்டிங் போயிட்டார், அடுத்த வாய்தாவுக்கு வாங்க." வெள்ள நிவாரணம், பட்டா, தேர்தல் எல்லாம் பார்க்கிறவரே இதையும் பார்த்தால் வேறு எப்படி நடக்கும்?

முத்தியால்பேட்டை வழக்கறிஞர்:
தாமதம் உண்மை. ஆனால் அந்த இரண்டு பேர் எந்தத் தெருவிலிருந்து வருவார்கள் சார்? ஊர்த் தெரு ஆளாகவோ கட்சிக்காரராகவோ இருந்தால், காலனியிலிருந்து ஒரு பெண் அவர் வாசலில் போய் நின்று நியாயம் கேட்க முடியுமா? போலீஸ் துணை கமிஷனர்களுக்கு நிர்வாக நடுவர் அதிகாரம் கொடுத்த அரசாணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் ரத்து செய்தது. பிடிப்பவரே விசாரிக்கக் கூடாது. அதே நியாயம்தான் இதற்கும்: ஊரில் கை ஓங்கியவர் நடுவராகக் கூடாது. சமரசம் வேண்டுமா, லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) வாருங்கள். கோர்ட் ஃபீ இல்லை, தீர்ப்புக்கு அப்பீலும் இல்லை. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. இது பலருக்குத் தெரிவதே இல்லை, அதுதான் என் ஆத்திரம்.

கெடிலக்கரையான்:
சரி மேடம், விசாரிக்கும் அதிகாரம் வேண்டாம். கையெழுத்துக்குச் சான்று தருவது, மனு எழுத உதவுவது, இதற்கு மட்டுமாவது ஊருக்குள் ஒருவர் இருக்கட்டும். சுற்றுக் கிராமத்து ஆட்கள் நோட்டரியைத் தேடிக் கடலூருக்கு பஸ் ஏறினால் அன்றைய கூலி போச்சு.

ஓய்வு தாசில்தார்:
அதற்கு மட்டும் என்றால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மாவட்ட நீதிபதியிடம் கொடுக்கச் சொல்லுங்கள், வருவாய்த் துறைக்கு வேண்டாம். அந்த நாற்காலியில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், சிபாரிசு போன் வராத நாளே கிடையாது.