யோக நித்ராவில் பாதியிலேயே தூங்கிவிடுகிறேன், எங்கே தப்பு?

மாடிப்படி:
வேலை முடிஞ்சு சாயங்காலம் 7 மணிக்குக் கட்டில்ல படுத்து 40 நிமிஷ யோக நித்ரா (தூங்காம படுத்து, குரல் சொல்றபடி கவனத்தை ஒவ்வொரு உறுப்பா கொண்டுபோற ஓய்வுப் பயிற்சி) ஆடியோ போடறேன். வலது கை விரல்கள் முடிஞ்சு தோளுக்கு வர்றதுக்குள்ள குறட்டை. கடைசி மணிச் சத்தத்துல முழிச்சா தலை பாரம், எரிச்சல். ராத்திரி 1 மணி வரை தூக்கமும் வர்றதில்ல. மல்லாக்கப் படுத்தா இடுப்பு வேற வலிக்குது. சங்கல்பம் (பயிற்சியில மனசுக்குள்ள சொல்லிக்கற உறுதிமொழி): "எனக்கு டென்ஷன் வரக்கூடாது." நிறுத்திடலாமா?

செம்பருத்தி:
நிறுத்த வேண்டாம், இடத்தையும் நேரத்தையும் மாத்துங்க. கட்டில்ல சாஞ்சாலே உடம்புக்குத் தூங்கித்தான் பழக்கம். தரையில பாய், அதுக்கு மேல மடிச்ச ஜமுக்காளம் போதும்.

தலை பாரத்துக்குக் காரணம் ஆழ்ந்த தூக்கத்துக்கு நடுவுல எழுந்திருக்கறது. 7 மணித் தூக்கம் ராத்திரித் தூக்கத்தையும் கெடுத்துடும். மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடியோ 5 மணி வாக்கிலோ, 20 நிமிஷம் மட்டும் செஞ்சு பாருங்க. முழுச் சாப்பாடு சாப்பிட்டா ரெண்டு மூணு மணி நேரமாவது விடணும். ராத்திரி 5 மணி நேரம்தான் தூங்கறீங்கன்னா எந்த உபாயமும் எடுபடாது. முதல்ல அந்தக் கடனை அடைங்க.

முழங்கையைத் தரையில ஊன்றி ஒரு முன்கையை மட்டும் செங்குத்தா நிறுத்திக்குங்க. கண் அசந்தா கை சரியும், அதுவே எழுப்பிடும்.

இடுப்பு வலிக்கு முழங்காலுக்கு அடியில தலையணை. காலை நீட்டும்போது கீழ்முதுகு வில்லு மாதிரி தரையை விட்டு எழும்பும். முழங்கால் கொஞ்சம் மடங்கினா அது தணியும். ஒரு போர்வையும் போர்த்திக்குங்க. அசையாம கிடக்கும்போது உடம்பு குளிரும், பாதம் சில்லுன்னு ஆனா கவனம் அங்கேயே நின்னுடும்.

பின்கணக்கு:
ஆடியோவிலேயே கோளாறு இருக்கலாம். உறுப்புகளைச் சுற்றி வரும் பகுதியைத் தாலாட்டு மாதிரி இழுத்தால் யாருக்குமே தூக்கம் வரும். ஒரு உறுப்புக்கு ஒன்றிரண்டு நொடிதான்: வலது கட்டைவிரல், ஆள்காட்டி, நடு, மோதிரம், சுண்டுவிரல், உள்ளங்கை, புறங்கை, மணிக்கட்டு... பெயரை மனசுக்குள் சொல்லி, கவனத்தை வைத்து, அடுத்ததற்குத் தாவ வேண்டும். அந்த இடத்தைத் தளர்த்த முயலக் கூடாது. முயற்சி வந்தாலே இறுக்கம்தான்.

முங்கேரில் பிகார் யோகப் பள்ளியை நிறுவிய சுவாமி சத்யானந்த சரஸ்வதி, தாந்திரிக நியாசத்தை ஒட்டி அமைத்த முறை இது. நியாசத்தில் மந்திரம் சொல்லி உறுப்பைத் தொடுவார்கள். இங்கே மனசு மட்டும் தொடுகிறது. வரிசையை தினம் ஒன்றாக மாற்றாதீர்கள். அடுத்து எதுவென்று யோசிக்க ஆரம்பித்தால் போச்சு.

அதன்பின் மூச்சு. வயிறு ஏறி இறங்குவதை 27-இலிருந்து 1 வரை பின்னோக்கி எண்ணுங்கள். தவறினால் மறுபடி 27. பிறகு கனம்–லேசு, சூடு–குளிர்ச்சி என்று எதிரெதிர் உணர்வுகள், காட்சிகள், மறுபடியும் சங்கல்பம்.

அந்தச் சங்கல்பத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும். "வரக்கூடாது" என்றால் மனசு டென்ஷனையே பிடித்துக்கொள்ளும். "நான் நிதானமாக இருக்கிறேன்" போல நேராக, சின்னதாக ஒரு வாக்கியம். ஆரம்பத்தில் மூன்று முறை, முடிவில் மூன்று முறை. வாரத்துக்கொன்றாக மாற்றினால் எதுவும் வேரூன்றாது.

மாடிப்படி:
ரொம்ப நன்றிங்க. அப்போ தூங்கிட்டா பலனே இல்லையா?

பின்கணக்கு:
தூங்கின ஓய்வு கிடைக்கும், அவ்வளவுதான். பெருமாள் பள்ளிகொண்டிருப்பதைத் தமிழில் அறிதுயில் என்பார்கள். தூங்குவது போலிருந்தும் அறிவு விழித்திருப்பது; இந்தப் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. (மல்லாந்து படுத்துக் கால்களைத் தலைக்குப் பின்னால் கோக்கும் யோகநித்ராசனம் வேறு. தேடும்போது அந்தப் படம் வந்தால் பயந்துவிடாதீர்கள்.)

நீர்முள்ளி:
ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு. பழைய அதிர்ச்சி, பதற்ற நோய் இருக்கறவங்களுக்குக் கண்ணை மூடி அசையாம கிடக்கறதே படபடப்பைக் கிளப்பலாம். அப்போ கண்ணைத் திறந்து, கைகாலை அசைச்சு, அன்னிக்கு நிறுத்திடணும். சிகிச்சையில இருந்தா மருத்துவர்கிட்ட சொல்லிட்டுத் தொடங்குங்க. மாசமா இருக்கறவங்க கடைசி மாதங்கள்ல மல்லாக்கப் படுக்காம இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்கலாம்.

முடிஞ்சதும் சட்டுன்னு எழாதீங்க. விரல்களை அசைச்சு, வலது பக்கம் புரண்டு, அஞ்சாறு மூச்சு அப்படியே இருந்துட்டு, கையை ஊன்றி உட்காருங்க. பிபி மாத்திரை எடுக்கறவங்களுக்கு நேரா எழுந்து நின்னா கண்ணு இருட்டலாம்.