குதிரையை ஜி5-க்கு ஏற்றியது ஆட்டமா, பொறியா?

தெம்பனிஸ் மாறன்:
எங்கள் புளோக்குக் கீழே கல் மேசையில் ஞாயிற்றுக்கிழமை நடந்த சதுரங்க ஆட்டத்தை யாரோ இங்கே "அருமை" என்று புகழ்ந்திருக்கிறார். எரிச்சலாக வருகிறது. வெள்ளைக்கு இத்தாலியன் ஓப்பனிங் என்ற தொடக்கம். கறுப்பு இரண்டு குதிரைகளையும் இறக்கியதும், வெள்ளை நான்காவது நகர்த்தலிலேயே குதிரையை ஜி5 கட்டத்துக்கு ஏற்றுகிறது. மற்ற காய்கள் தூங்க, ஒரே குதிரையை இரண்டு முறை நகர்த்துவதா? சின்னப் பிள்ளைகளுக்கு வைக்கும் பொறி அது.

ஈசூன் குமார்:
புகழ்ந்தது நான்தான், அண்ணே. டி5 சிப்பாயைக் குதிரையால் வெட்டியது கறுப்பின் தப்பு. மற்றக் குதிரையை ஏ5-க்குத் தள்ளி பிஷப்பைத் துரத்தியிருந்தால் இழப்பு ஒரு சிப்பாயோடு போயிருக்கும்.

மாறன்:
ஒரே குதிரை, இரண்டு முறை. அதற்குப் பதில் சொல்லுங்கள். பழைய ஜெர்மன் மேதை டாராஷே இதைக் கத்துக்குட்டி நகர்த்தல் என்றார்.

குமார்:
பின்னாளில் உலகச் சாம்பியனான ஃபிஷர் 1963-இல் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் பிஸ்கையரிடம் இதே ஜி5-ஐ ஆடி ஜெயித்தார். அவரும் கத்துக்குட்டியா?

மாறன்:
ஃபிஷர் ஆடுவார். வெள்ளை ஆடியது உங்கள் அக்கா மகன்தானே? அதைச் சொல்லாமல் புகழ்கிறீர்கள். குகேஷ் 2024-இல் இங்கே சிங்கப்பூரின் செந்தோசாவில் கடைசி ஆட்டத்தை 58 நகர்த்தல் பொறுமையாக ஆடி உலகச் சாம்பியன் ஆனார். பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள்.

குமார்:
அங்கேயும் அப்போதைய சாம்பியன் டிங் லிரன் யானையை எஃப்2-க்கு வைத்துக் கெடுத்துக்கொண்டார். குகேஷ் அதை விட்டுவிட வேண்டுமா?

பொங்கோல் செல்வி:
இரண்டு பேரும் 7-ஆவது நகர்த்தலைப் பார்க்கவே இல்லை. வெள்ளை எஃப்7-இல் குதிரையைப் பலி கொடுத்து ராணியால் எஃப்3-இல் செக் வைத்தது. ராஜா ஈ6-க்கு ஏறியிருந்தால் டி5 குதிரைக்குக் காவல். ஜி8-க்கு ஓடினார். பிஷப் குதிரையை வெட்டி செக், ராணியும் போச்சு, 10-இல் மேட்.

மாறன்:
ராஜாவை வெளியே இழுத்துவிட்ட குதிரை எது, தங்கச்சி? ஜி5 குதிரை! இரண்டு முறை நகர்ந்த குதிரை! கறுப்பு ஆடிய அந்தப் பெரியவர் பேரனைக் கூட்டிவந்த களைப்பில் உட்கார்ந்தவர். அவரிடம் இந்த வேலையா?

குமார்:
வயதைக் காட்டித் தப்பிக்க வேண்டாம். போன தீபாவளிப் போட்டியில் தொட்ட யானையை வைத்துவிட்டு ராணியை எடுத்தவர் யார்?

மாறன்:
யானை சாய்ந்திருந்தது, நிமிர்த்தினேன். பத்துப் பேர் பார்த்தார்கள்.

செல்வி:
நானும் பார்த்தேன், அண்ணே. யானை நேராகத்தான் நின்றது.

மாறன்:
பேச்சை மாற்றாதீர்கள். ஒரே குதிரை ஏன் இரண்டு முறை? உங்கள் மருமகனைச் சனிக்கிழமை வரச் சொல்லுங்கள், கறுப்பு எனக்கு.

குமார்:
வருவான். தொட்டால் ஆடியே ஆக வேண்டும் என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள்.